எழிலரசி பெய்த மழை

எங்கள் ஊரில் கல்யாணத்துக்கு நாள் குறிக்க வேண்டுமென்றால் முதலில் ஒரு பாறை சம்மதிக்க வேண்டும். சிரிக்காதீர்கள். பந்தல், நாற்காலி, மைக் செட்டு வாடகைக்கு விட்டுப் பிழைக்கிறவன் நான். எனக்கு அது சிரிக்கிற விஷயம் இல்லை.

ஊர் பெயர் கெவிக்கொட்டாய். மாரண்டஹள்ளியிலிருந்து மேற்கே போகிற பஸ் எங்கள் புளியமரத்தைச் சுற்றித் திரும்பிவிடும். அதற்கு மேல் பாறைக் குன்று, நாங்கள் கரடு என்போம். கரட்டின் வயிற்றில் ஒரு குகை இருக்கிறது. தமிழ் பேசுகிறவர்களுக்கும் சரி, கன்னடம் பேசுகிறவர்களுக்கும் சரி, அது கெவி. உள்ளே மேற்கூரையிலிருந்து தண்ணீர் சொட்டும். சொட்டுகிற இடத்தில் இடுப்பு உயரத்துக்கு ஒரு வெள்ளைக் கல் வளர்ந்து நிற்கிறது. அதுதான் எங்கள் முனியப்பன். கோடையில் சொட்டு நின்றுவிடும். ஆவணி, புரட்டாசியில் மழை பெய்தால் ஐப்பசி வாக்கில் மறுபடி விழ ஆரம்பிக்கும். விழுந்தால்தான் ஊரில் தாலி. அதற்கு முன்னால் எங்கள் ஊர்ப் பெண்ணுக்கும் கட்டக்கூடாது, பையனும் கட்டக்கூடாது, வெளியூர் மண்டபத்தில் வைத்துக்கொண்டாலும் கூடாது.

யார் இப்படி ஒரு கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தார்களோ, அவர்கள் வீட்டில் மைக் செட்டுக்காரன் இல்லை என்பது மட்டும் நிச்சயம். ஆனால் யோசித்துப் பார்த்தால் அதில் அர்த்தம் இருக்கிறது. சொட்டு விழவில்லை என்றால் கிணற்றிலும் தண்ணீர் இருக்காது. தண்ணீர் இல்லாத ஊரில் இலை போட்டால் சாப்பிட்டவன் கைகழுவ எங்கே போவான்? அந்தக் காலத்து நியாயம் அது. இப்போது ஓகேனக்கல் தண்ணீர் குழாயில் வருகிறது, கட்டுப்பாடு மட்டும் அப்படியே நிற்கிறது.

நான் சொல்ல வந்தது எழிலரசியைப் பற்றி. எங்கள் தெருதான். அப்பா போன பிறகு அவர் விட்டுப்போன டிராக்டரை விற்றுவிடச் சொல்லி உறவுக்காரர்கள் அத்தனை பேரும் வந்து உட்கார்ந்தார்கள். அவள் எல்லோருக்கும் காபி கொடுத்தாள். குடித்து முடிப்பதற்குள் டிராக்டரை எடுத்துக்கொண்டு உழப் போய்விட்டாள். பிறகு டேங்கர் ஒன்று வாங்கிப் பின்னால் கோர்த்தாள். வீடு கட்டுகிறவனுக்கும், மாஞ்செடி வைத்தவனுக்கும், துக்க வீட்டுக்கும் தண்ணீர் அடிப்பாள். சொந்தக் கிணறே இல்லாதவர்கள்கூட அவள் டேங்கரை 'நம்ம வண்டி' என்றுதான் சொல்வார்கள். சொந்தமாக ஒரு போர்வெல், அதற்கு அருகில் கொஞ்சம் நிலம், அதில் தக்காளி.

பெண் பார்க்க வந்தவர்கள் நிறைய. வந்தவர்களில் பாதிப் பேர் வாசலில் நிற்கிற டிராக்டரைப் பார்த்து, "மாப்பிள்ளைக்கு டிராக்டர் தர்றீங்களா?" என்று சந்தோஷப்படுவார்கள். அவள் ஓட்டுகிறாள் என்று தெரிந்ததும் முகம் சுருங்கிவிடும். அவளுடைய அம்மா கண்ணம்மாள் ஒவ்வொரு தடவையும் மூக்கைச் சிந்துவார். எழிலரசி எழுந்துபோய் டிராக்டரைக் கிளப்புவாள். எனக்கு இது வேண்டும் என்று அவள் வாயால் கேட்டு இந்த ஊரில் ஒருவரும் பார்த்ததில்லை.

அப்படிப்பட்டவளை முருகேஷ் பார்த்தது தக்காளி மண்டியில். மாரண்டஹள்ளியில் அவருக்குக் காய்கறி மண்டி. நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். இரண்டு சம்பந்தம் நிச்சயம் வரைக்கும் போய்க் கலைந்தது. அதனால் யார் தன்னோடு பேசினாலும் இவர் எப்போது எழுந்து போவார் என்று எதிர்பார்க்கிற முகம் அவருக்கு. ஒருநாள் மண்டிச் சந்துக்குள் எழிலரசி டிரெய்லரோடு டிராக்டரை ரிவர்ஸ் எடுத்தாள். ஓட்டத் தெரிந்த ஆம்பளைகளே அந்தச் சந்தில் மூட்டைகளை இடித்துத் தள்ளுவார்கள். அவள் ஒரே தடவையில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு இறங்கினாள். முருகேஷ் கையில் இருந்த தக்காளியைத் தராசில் வைக்க மறந்து நின்றாராம். அடுத்த வாரமே அவருடைய அக்கா அமுதவல்லி பூவோடு எங்கள் ஊருக்கு வந்துவிட்டார்.

அந்த வருஷம்தான் மழை ஏமாற்றியது. ஆவணி காய்ந்தது, புரட்டாசியும் காய்ந்தது, ஐப்பசியில் மண்ணை நனைத்த தூறலைத் தவிர வேறு இல்லை. பூசாரி சென்றாயன் தினமும் கெவிக்குள் போய் அண்ணாந்து பார்த்துவிட்டு வருவார். பந்தல் கால்களை வரிசையாக அடுக்கி வைத்துவிட்டு நானும் வானத்தைப் பார்த்தேன்.

இதற்கிடையில் கெவிக்குள் இன்னொரு ஆளும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. பெயர் யுவராணி. தருமபுரிப் பெண், ஆராய்ச்சி மாணவி. மூன்று வருஷமாக மாதம் ஒருதரம் வந்துபோவாள். சொட்டு விழுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கருவி வைத்திருந்தாள், அது சொட்டுகளை எண்ணுமாம். தினமும் காலையில் ஒரு குப்பியில் சொட்டுத் தண்ணீரைப் பிடித்து, மூடியில் தேதி போட்டு வைக்கிற வேலையைப் பூசாரியிடம் ஒப்படைத்திருந்தாள். முதலில் அவர், "சாமியையே அறுத்து எடுத்துக்கினு போவியாம்மா?" என்று கேட்டுப் பயந்தார். "சாமியத் தொட மாட்டேங்க. ஓரத்துல ஒடஞ்சு கெடக்குதே, அந்தத் துண்டு போதும்" என்றாள். அதற்குப் பிறகு அவருக்கு அவள்மேல் தனிப் பிரியம்.

கார்த்திகையில் ஒருநாள் அவளுக்குத் தண்ணீர் கேன் கொடுக்க எழிலரசி போனாள். கூட நானும் போனேன். சொட்டாத பாறைக்குக் கீழே மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம்.

"இந்தக் கல்லுல என்னா இருக்குதுன்னு இப்படி வந்து வந்து பார்க்கற?" என்றாள் எழிலரசி.

"மழைக் கணக்கு இருக்குதுக்கா. மழைத் தண்ணி மேல மண்ணுல எறங்கும்போது சுண்ணாம்புப் பாறையக் கொஞ்சம் கரைச்சு எடுத்துட்டு வரும். இங்க சொட்டும்போது அந்தச் சுண்ணாம்பக் கல்லு மேல விட்டுட்டுப் போயிரும். வருசத்துக்கு ஒரு படலம், முடியக் காட்டியும் மெல்லிசா. அதப் பிரிச்சுப் பார்த்தா எந்தக் காலத்துல நல்ல மழை, எந்தக் காலத்துல பஞ்சம்னு சொல்லிரலாம்."

"அப்ப பார்த்துச் சொல்லிட வேண்டியதுதானே. மூணு வருசமா என்னா பண்ற?"

"அதுல ஒரு வில்லங்கம் இருக்குதுக்கா. மழை பெஞ்ச தண்ணி நேரா இங்க வராது. நடுவுல பாறைக்குள்ள எங்கயோ தங்கும். நம்ம டவுன் பஸ்ஸு மாதிரின்னு வெச்சுக்கங்க. பின்னாடி ஏறினவங்களா உடனே எறங்கறாங்க? அவங்க நெட்டித் தள்ளினா முன்னாடி நிக்கறவங்கதான் எறங்குவாங்க. இங்க சொட்டறது என்னிக்கோ பெஞ்ச பழைய மழை. அது எந்த வழியா வருது, எவ்வளவு நாள் தங்குதுன்னு தெரியாம கல்லுல எழுதியிருக்கறத நம்ப முடியாது."

எழிலரசி கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப இந்தப் பாறைக்குள்ள இப்பவும் தண்ணி நிக்குதா?"

"நிக்கும்கா. தள்ளிவிடத்தான் புது மழை இல்ல."

சாதாரணமாகச் சொன்ன பதில். அது அவள் மண்டைக்குள் போய் என்ன பாடு படுத்தப்போகிறது என்று யுவராணிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அடுத்த நாளிலிருந்து எழிலரசியின் டேங்கர் கரட்டுக்கு மேலே போக ஆரம்பித்தது. கேட்டவர்களிடம், "மேல மாஞ்செடிக்குத் தண்ணி வுடறேன்" என்றாள். எனக்குத் தெரிந்து அந்த மாஞ்செடிகளில் ஒன்றுகூடப் பச்சை கட்டவில்லை. எங்கள் தெருவில் ஒரு துக்கம் விழுந்து, அதற்குத் தண்ணீர் வண்டி தேவைப்பட்டது. அவள் போனை எடுக்காததால் நானே வண்டித் தடத்தைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினேன்.

உச்சியில் முழுங்குப் பள்ளம் என்று ஓர் இடம் உண்டு. மழைக் காலத்தில் நாலாபக்கமும் ஓடி வருகிற தண்ணீர் அங்கே சுழித்து, தரைக்குள் போய்விடும். ஆடு மாடு மேய்ப்பவர்கள்கூட அந்தப் பக்கம் போக மாட்டார்கள். எழிலரசி டேங்கரின் பின்பக்கத்தைப் பள்ளத்துக்கு நேராக நிறுத்தி, வால்வைத் திறந்துவிட்டு, சக்கரத்தின்மேல் உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் மடமடவென்று பூமிக்குள் போய்க்கொண்டிருந்தது.

"உனக்கென்னா பைத்தியமா புடிச்சிருக்குது?" என்றேன். உண்மையிலேயே எனக்குக் கோபம். குழாய்த் தண்ணீரும் குறைந்து ஊர் முழுக்கக் குடத்தோடு அலைகிற நேரம்.

"என் போருல எறைக்கற தண்ணிங்ணா. யாரு பங்கையும் எடுக்கல. நம்ம தண்ணி குடிக்கவா ஆவுது, ஊரு பூரா பல்லு கறை புடிச்சதுதான் மிச்சம்."

"அதுக்கு? பள்ளத்துல ஊத்துவியா?"

"உள்ள நிக்கறதத் தள்ளிவுடணும், அவ்வளவுதான்." வால்வை இன்னும் கொஞ்சம் திருகிவிட்டு, "யாருகிட்டயும் சொல்லிடாதீங்க கொமாரண்ணா" என்றாள்.

எதற்காக என்று கேட்க வேண்டிய அவசியம் இல்லை. தை கடைசிக்குள் சொட்டு விழவில்லை என்றால் பொம்மிடியில் வேறு பெண் பார்க்கப்போவதாக அமுதவல்லி சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவரையும் குற்றம் சொல்ல முடியாது. இரண்டு தரம் தம்பி அவமானப்பட்டதைக் கண்ணால் பார்த்தவர். நான் வாயை மூடிக்கொண்டேன். எனக்கும் நாலு கல்யாண ஆர்டர் சொட்டுக்காகக் காத்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஊற்றினாள், ஊற்றினாள், அப்படி ஊற்றினாள். கெவிக்குள் ஒரு துளி இல்லை. போர்வெல்லில் இறைத்ததெல்லாம் மலைக்கு மேலே போனதால் தக்காளிச் செடிகள் பூவோடு கருகின. அந்தச் சமயம் பார்த்துத் தக்காளி விலை ஏறியது பாருங்கள், டி.வி.யில் சொல்கிற அளவுக்கு ஏறியது. நட்டவன் எல்லாம் மீசையை முறுக்கிக்கொண்டு மண்டிக்குப் போனான். எழிலரசி கருகிய செடியைப் பிடுங்கி வரப்பில் போட்டுவிட்டு டிராக்டரில் ஏறினாள். கண்ணம்மாள் என்னிடம் வந்து, "எம்பொண்ணுக்கு என்னமோ ஆயிடுச்சு கொமாரு, மந்திரிக்கணும்" என்று அழுதார்.

மண்டியில் அவளைக் காணாமல் முருகேஷ் ஒரு முடிவுக்கு வந்தார். பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் என் கடைக்கு வந்து, மடக்கு நாற்காலியில் ஓரமாக உட்கார்ந்தார்.

"வெலை இருக்கற நேரத்துலகூட அவங்க மண்டிப் பக்கம் வர்றதில்லீங்க. வண்டி மட்டும் நல்லா ஓடிகினு இருக்குதுன்னு சொல்றாங்க. என்னையப் பார்க்க வேணாம்னுதானே? சொட்டு விழலங்கறது ஒரு சாக்கோன்னு தோணுது. இஷ்டம் இல்லேன்னா நேராவே சொல்லிடச் சொல்லுங்க. எனக்குப் பழக்கம்தான்."

அந்தக் கடைசி இரண்டு வார்த்தையைக் கேட்டதும் எல்லாவற்றையும் சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் ஊருக்குத் தெரியும். தெரிந்தால் சொட்டு செல்லாது. பல்லைக் கடித்துக்கொண்டு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். எழிலரசியிடம் அப்படியே சொன்னேன். அவள் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "இஷ்டம் இல்லாமயா இப்படி அலையறேன்" என்று டிராக்டரைப் பார்த்துச் சொன்னாள். பிறகு சாவியைத் திருகினாள்.

தை பாதியில், ஒரு காலையில், பூசாரி மணி அடிக்கிற சத்தம் கேட்டது. ஊரே கெவிக்கு ஓடியது. கூரையில் ஒரு துளி திரண்டு, தொங்கி, யோசித்து, கல்லின்மேல் விழுந்தது. சிறிது நேரத்தில் இன்னொன்று. பூசாரி கன்னத்தில் போட்டுக்கொண்டார். எழிலரசி கூட்டத்துக்குப் பின்னால் நின்று, கிரீஸ் படிந்த கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கே நான் போன் போட்டு நாலு வீட்டுக்கும் தேதி கேட்டேன்.

தை கடைசி வெள்ளியன்று, கெவியை ஒட்டியிருக்கிற முனியப்பன் கோயில் வாசலில் வெற்றிலைத் தட்டு மாற்ற ஏற்பாடு. முருகேஷும் அமுதவல்லியும் இன்னும் பத்துப் பன்னிரண்டு பேரும் வேனில் வந்து இறங்கினார்கள். முருகேஷ் வேட்டியில் இருந்தார். முகம் மட்டும் பழைய முகம்தான். ஜமக்காளம் விரித்து உட்கார்ந்த நேரத்தில் கெவிக்குள்ளிருந்து யுவராணி வந்தாள். தோளில் பை, கையில் அந்தக் கருவி. கண்கள் சிவந்திருந்தன.

"என்னாம்மா, பொட்டியக் கட்டிட்ட?" என்றார் பூசாரி.

"போறேன் மாமா. இனிமே இந்தக் கெவி என் ஆராய்ச்சியில இல்ல. மழையே பெய்யாம சொட்டு வருதுன்னா, இந்தக் கல்லுக்கும் மழைக்கும் சம்பந்தமே இல்லன்னு ஆயிடுது. மூணு வருசமும் வீண். எங்க சார் விட்டுடச் சொல்லிட்டாரு."

அவள் பையை மாட்டிக்கொண்டு நடந்தாள். யாருக்கும் புரியவில்லை, எழிலரசிக்குப் புரிந்தது. பட்டுப் புடவையோடு ஜமக்காளத்திலிருந்து எழுந்தாள். நான் கண்ணாலேயே உட்காரச் சொன்னேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"நில்லு யுவராணி. கல்லு மேல தப்பில்ல. நான்தான் முழுங்குப் பள்ளத்துல தண்ணி ஊத்துனேன். கார்த்திகையில இருந்து டேங்கர் டேங்கரா."

 எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். கண்ணம்மாள் தலையில் அடித்துக்கொண்டார். யுவராணி பையைத் தொப்பென்று கீழே போட்டாள். "அக்கா, ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்கலாம் அல்லவா?" என்று கத்தியபோது, அவளுடைய தருமபுரிப் பேச்சு போய் ஏதோ மேடைத் தமிழ் வந்துவிட்டது. அவ்வளவு கோபம். அமுதவல்லி தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பூசாரி கையைத் தூக்கி எல்லோரையும் அடக்கினார்.

"டேங்கர் தண்ணி சொட்டுனா அது சாமி குடுத்த உத்தரவு ஆவாது. தட்டை எடுத்துருங்க" என்றார். எழிலரசி முகத்தைப் பார்க்காமல் சொன்னார்; அவளைத் தூக்கி வளர்த்த மனுஷன்.

"இருங்க மாமா" என்றாள் யுவராணி. அவள் நெற்றி சுருங்கியிருந்தது; கோபம் வேறு ஏதோ ஒன்றாக மாறிக்கொண்டிருந்தது. "சொட்டுனது டேங்கர் தண்ணிதான்னு யாரு சொன்னது? நீங்க தினமும் புடிச்ச குப்பி எல்லாம் எங்க?"

கோயில் அறையிலிருந்து குப்பிகள் வந்தன. பையிலிருந்து ஒரு மருந்துச் சீசாவை எடுத்தாள். எங்கள் ஜில்லாவில் அந்தச் சோதனை தெரியாதவர்கள் கிடையாது, பள்ளிக்கூடத்திலேயே செய்து காட்டுவார்கள். மருந்து விட்டால் ரோஸ் நிறம் வரும். தண்ணீரில் பல்லைக் கறையாக்குகிற ஃபுளோரைடு இருந்தால் ரோஸ் மஞ்சளாகிவிடும். முதலில், கைகழுவ என்று நிறுத்தியிருந்த எழிலரசியின் டேங்கரில் மிச்சமிருந்த தண்ணீரில் விட்டாள். மஞ்சள். பிறகு, சொட்டு விழுந்த முதல் நாள் பூசாரி பிடித்து வைத்த குப்பியைத் திறந்து மருந்தை விட்டாள். ஜமக்காளமே அந்தக் குப்பிக்கு மேலே கவிந்துகொண்டது. அமுதவல்லிகூடக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

ரோஸ். கொஞ்சம் பொறுத்துப் பார்த்தோம், ரோஸாகவே இருந்தது.

"இது மழைத் தண்ணி" என்றாள் யுவராணி. "என்னிக்கோ பெஞ்சு உள்ள தங்கின மழை. அக்கா தண்ணி பின்னாடி இருந்து நெட்டித் தள்ளியிருக்குது, இது எறங்கியிருக்குது."

கடைசியாக அன்று காலையில் பிடித்த குப்பியிலும் விட்டாள். அது மெல்ல மெல்ல மஞ்சளாகியது. அவள் முகத்தில் சிரிப்பு வந்தது. எந்த நாளில் ஊற்றினாள், எந்த நாளில் அது கீழே வந்தது என்று இப்போது தெரிந்துவிட்டதாம். மூன்று வருஷமாகத் தேடியது அதுதானாம். எங்கள் யாருக்கும் அதைக் கேட்கப் பொறுமை இல்லை. எல்லோரும் பூசாரியைப் பார்த்தோம்.

பூசாரி ரோஸ் குப்பியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மொதச் சொட்டு மழைன்னா உத்தரவு உத்தரவுதான். பின்னாடி வந்தது எதுவா இருந்தா நமக்கு என்னா" என்றார். கண்ணம்மாள் முந்தானையில் மூக்கைச் சிந்தினார். அமுதவல்லி தட்டைப் பழையபடி நடுவில் வைத்தார். நான் அடக்க முடியாமல் கைதட்டிவிட்டேன். யாரும் கூடத் தட்டாததால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

முருகேஷ் மட்டும் அசையவில்லை. எழிலரசியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழிலரசி, உங்க தக்காளி என்னாச்சுங்க?"

"காஞ்சு போச்சு."

"செடிக்குப் பாய வேண்டிய தண்ணியத்தான் மேல கொண்டுபோனீங்களா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டு ம் என்றாள்.

"வெலை ஏறின நேரத்துலயா?"

அதற்குப் பதில் வேண்டியதில்லை.  அந்த வாரங்களில் ஒரு பெட்டித் தக்காளி என்ன பெறும் என்று இந்த ஜில்லாவில் அவரைவிட நன்றாகத் தெரிந்த ஆள் கிடையாது. முருகேஷ் குனிந்து, எல்லோரும் மறந்துவிட்டிருந்த மஞ்சள் குப்பியை எடுத்து மூடியை இறுக்கித் திருகினார்.

"சார், அதுல மருந்து கலந்திருக்குது, குடிச்சுடாதீங்க" என்றாள் யுவராணி.

"குடிக்க இல்லீங்க மேடம். எனக்காக ஒருத்தங்க கொண்டாந்த தண்ணி. நான் வெச்சுக்கறேன்."

அதைச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, அக்காவைப் பார்த்துத் தட்டை மாற்றச் சொன்னார்.